தானாக ஓடும் காரை நாமே ஓட்டுவது எப்படி?

செம்பவாங்கில் ஒரு வீவக வீடு, வங்கியில் கொஞ்சம் சேமிப்பு, ஸ்டீயரிங்கைத் தொடாமல் தேக்காவுக்குப் போய் மீன் வாங்கி வரவேண்டும் என்ற ஆசை. இந்த மூன்றும் உள்ளவர்களுக்கான வழிகாட்டி இது. ஆசை மட்டும் உள்ளவர்கள் மனம் தளர வேண்டாம்; நேராக எட்டாம் படிக்குப் போகலாம். சேமிப்பும் உள்ளவர்கள் ஒன்றாம் படியிலிருந்து தொடங்கவும். இரண்டாம் படிக்குள் அதுவும் தீர்ந்துவிடும்.

படி 1: காருக்கு முன் காகிதம் வாங்குங்கள்

இந்தத் தீவில் கார் வாங்க வேண்டுமானால், கார் வைத்துக்கொள்ளும் உரிமையை முதலில் ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990 மே மாதத்திலிருந்து இதுதான் நடைமுறை. வாகன உரிமைச் சான்றிதழ் என்ற அந்தக் காகிதம் பத்து ஆண்டுக்குச் செல்லும். 2023 அக்டோபரில் சிறிய கார் பிரிவில் அதன் விலை 106,000 வெள்ளியைத் தொட்டபோது, "இதுக்கு மேல ஏறாது" என்று காப்பிக் கடைகளில் அடித்துச் சொன்னார்கள். 2025 அக்டோபரில் 128,105 வெள்ளி. காப்பிக் கடை ஆரூடத்தை நம்பி ஏலத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

காரின் விலை இதற்கப்புறம்தான் வருகிறது. சந்தை மதிப்பின்மேல் 20 விழுக்காடு சுங்கத் தீர்வை. இரண்டையும் கூட்டி அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. பிறகு கூடுதல் பதிவுக் கட்டணம்: சந்தை மதிப்பில் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190 என்று போய், உச்சியில் 320 விழுக்காட்டில் நிற்கும். எந்தக் கணினியின் உதவியும் இல்லாமல் இந்த ஏற்றம் மட்டும் தானாகவே நடக்கும்.

எல்லாம் கட்டி முடித்தால் பத்தாண்டுக்கு ஒரு கார் உங்களுடையது. அதில் பெரும்பாலான நேரம் அது புளோக்குக்குப் பக்கத்துப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் அது யார் துணையுமின்றித் தன்னைப் பார்த்துக்கொள்ளும். முழுத் தானியங்கி என்பதை முதன்முதலில் நீங்கள் அங்கேதான் அனுபவிப்பீர்கள்.

படி 2: ஐந்து வரை எண்ணப் பழகுங்கள்

வாகனத்தின் தன்னோட்டத் திறனை அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 0 முதல் 5 வரை பிரித்து வைத்திருக்கிறது. 0 என்றால் எச்சரிக்கை மணியும் அவசர பிரேக்கும்தான். 1 என்றால் வேகம், ஸ்டீயரிங் இரண்டில் ஒன்றைக் கார் கவனிக்கும். 2 என்றால் இரண்டையும் கவனிக்கும். காரை நீங்கள் கவனிக்க வேண்டும். 3 என்றால் சில சாலைகளில், சில நிபந்தனைகளுக்குள் கார் ஓட்டும். அது கூப்பிட்டால் நீங்கள் வரவேண்டும். 4 என்றால் குறித்த எல்லைக்குள் அது உங்களைக் கூப்பிடவே கூப்பிடாது. 5 என்றால் எங்கும், எப்போதும், எந்த மழையிலும். இந்த ஐந்தாம் நிலைக் காரை உலகில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

காட்சிக்கூடத்தில் உங்களை மயக்கப்போகும் கார் 2. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் மாணவர் ஓட்ட, பக்கத்தில் பயிற்றுநர் பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருப்பாரே, இரண்டாம் நிலைக் காரில் உங்கள் இடம் அதுதான். பள்ளியில் கட்டணத்தை மாணவர் கட்டுவார். இங்கே பயிற்றுநர் கட்டுகிறார்.

2க்கும் 3க்கும் நடுவே உள்ள கோட்டைப் பொறியாளர்கள் பாதி போட்டார்கள், மீதியை வழக்கறிஞர்கள் போட்டார்கள். மூன்றாம் நிலையில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்துக்குப் பொறுப்பு காரைச் செய்தவர் பக்கம் சாய்கிறது. மெர்சிடிஸ் 2022 மே மாதம் ஜெர்மனியில் அப்படி ஒரு வசதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஸ் கிளாஸ் காரில் அதற்கு 5,000 யூரோ கூடுதல். குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில், மணிக்கு 60 கிலோமீட்டர் வரை, அதாவது நெரிசலில் ஊரும்போது மட்டும். அதற்கும் முன்பே 2021 மார்ச்சில் ஹோண்டா ஜப்பானில் மூன்றாம் நிலைக் காரை வெளியிட்டது. 100 கார்கள், அதுவும் குத்தகைக்கு மட்டும். இடித்தால் தானே பொறுப்பு என்று வரும்போது ஒரு நிறுவனம் தன் பொறியாளர்களை எவ்வளவு தூரம் நம்புகிறது என்பதை இந்த 60, 100 என்ற இரண்டு எண்களும் சொல்லிவிடும்.

படி 3: விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்

காப்பி தருவார்கள், குடியுங்கள். பிறகு உரையாடலை இப்படி நகர்த்துங்கள்.

"பாஸ், இது தானா லேன் மாறும், தானா பார்க் பண்ணும், முன்னால வண்டி நின்னா தானா நிக்கும்."

"தானா இடிச்சா?"

"இடிக்காது பாஸ்."

"இடிச்சா?"

"அப்ப நீங்க பிரேக் போட்டிருக்கணும் பாஸ்."

இந்தக் கடைசி வரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வழவழப்பான கையேட்டில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட நம்பகமானது அது.

இதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்று கேட்பீர்கள். டெஸ்லா தன் 'முழுத் தன்னோட்ட' வசதிக்கு அமெரிக்காவில் 2022 செப்டம்பரில் 15,000 டாலர் வாங்கியது. 2024 ஏப்ரலில் அதே வசதி 8,000 டாலர். வசதி வளர வளர விலை பாதியாகிறது என்றால், வாங்குகிறவர்கள் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் என்று பொருள். நம் ஊர்ப்பக்கமும் சளைக்கவில்லை. 2025 ஜூலையில் அதே நிறுவனம் மும்பையில் முதல் காட்சிக்கூடத்தைத் திறந்தபோதே, விலைப்பட்டியலில் இந்த வசதிக்கு 6 லட்ச ரூபாய் என்று போட்டிருந்தது. இந்தியச் சாலையில் அதைப் பயன்படுத்த அன்று வழியே இல்லை. வராத விருந்தாளிக்கு இலை போட்டு, சாப்பாட்டுக்குப் பணமும் கட்டிவிடலாம்.

இடித்தபின் வழக்குப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2019இல் ஃபுளோரிடாவின் கீ லார்கோவில், டெஸ்லாவின் ஓட்டுநர் உதவி வசதியான ஆட்டோபைலட்டில் வந்த கார் ஒன்று சாலையோரம் நின்றவர்கள்மேல் மோதி ஓர் இளம்பெண் இறந்தார். ஓட்டுநர் கீழே விழுந்த கைபேசியைத் தேடிக் குனிந்திருந்தார். 2025 ஆகஸ்டில் நடுவர் குழு நிறுவனத்தின்மேல் 33 விழுக்காடு பழியைச் சுமத்தி, சுமார் 24 கோடி டாலர் கட்டச் சொன்னது. செய்தித்தாள்களில் அந்தக் கோடிக் கணக்குதான் பெரிய எழுத்தில் வந்தது. மிச்சம் 67 விழுக்காடு ஓட்டுநர் தலையில் விழுந்ததை நீங்கள் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கைகளை எங்கே வைப்பது என்று கற்றுக்கொள்ளுங்கள்

சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறி வசதியை இயக்குங்கள். கார் தடத்தின் நடுவில் அழகாகப் போகும். உங்கள் கைகள் ஸ்டீயரிங்கில் இருக்கும். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும், தேர்வில் சொல்லிக்கொடுத்தபடி. ஆனாலும் சற்று நேரத்தில் திரையில் ஒரு படம் வரும்: ஒரு ஸ்டீயரிங், அதன்மேல் இரண்டு கைகள். 'டிங்' என்று ஒரு சத்தம். பிறகு கொஞ்சம் உரக்க இன்னொன்று. பல கார்கள் கை இருப்பதை அறிவது கையின் சூட்டினாலோ தொடுகையினாலோ அல்ல. ஸ்டீயரிங் திரும்பும்போது கை கொடுக்கும் மிகச் சிறிய எதிர்விசையினால். நேர்ச்சாலையில் கார் ஒழுங்காகப் போனால் எதிர்விசைக்கு வேலை இல்லை. ஆகவே அது சரியாக ஓட்டும்போது நீங்கள் மெல்லத் தப்பாகத் திருப்ப வேண்டும். அப்போது படம் மறையும், சத்தம் அடங்கும்.

இந்தச் சோதனையை ஏமாற்ற ஸ்டீயரிங்கில் ஆரஞ்சுப் பழத்தைச் செருகிய மேதைகள் அமெரிக்காவில் இருந்தார்கள். ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று பார்க்கும் ஏற்பாடு போதவில்லை என்று 2023 டிசம்பரில் டெஸ்லா சுமார் 20 லட்சம் கார்களின் மென்பொருளைத் திருத்த நேர்ந்தது. ஆரஞ்சு வேண்டாம்.

கை சும்மா இருக்கிறதே என்று கைபேசியை எடுக்கவும் வேண்டாம். ஓட்டும்போது கையில் கைபேசி பிடித்தால் முதல் குற்றத்துக்கே 1,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "நான் எங்கே ஓட்டினேன், கார்தானே ஓட்டியது" என்ற வாதத்தை நீங்கள் முன்வைக்கலாம். வைத்தால், ஓட்டுநர் இருக்கையில் இருந்தும் காரை ஓட்டவில்லை என்ற இரண்டாவது குற்றத்தை நீங்களே ஒப்புக்கொண்டதாகும்.

ஒரு வரி கேலி இல்லாமல்: இந்த வசதிகளில் காசுக்குப் பெறுமானம் உள்ளது ஒன்று உண்டு. முன்னால் போகும் வண்டி திடீரென நின்றால் உங்களுக்கு முன்பே பிரேக் போடும் அவசர பிரேக். மத்திய விரைவுச்சாலையில் மாலை நெரிசலில் முன்வண்டியோடு இடைவெளி காத்துப் போகும் வேகக் கட்டுப்பாடும் காலுக்கு ஆறுதல். ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் அவசர பிரேக்கைக் கட்டாயமாக்கியது. உறவினர்முன் காட்டிப் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. அது வேலை செய்கிற நாளில் யாரும் உங்களைப் பாராட்டும் மனநிலையில் இருக்க மாட்டார்கள்.

படி 5: காருக்குச் செம்பவாங்கை அறிமுகப்படுத்துங்கள்

கலிஃபோர்னிய வெயிலில் படித்து வந்த கணினியைச் செம்பவாங் சாலையில் இறக்கினால் அதற்கு முதலில் கண்ணில் படுவது வடக்கு-தெற்கு வழித்தடக் கட்டுமானம். 21.5 கிலோமீட்டர், கேம்பஸ் அவென்யூவும் செம்பவாங் சாலையும் அதன் பாதையில்தான். மேம்பாலப் பகுதி 2027 முதல், சுரங்கப் பகுதி 2029 முதல் திறப்பதாகத் திட்டம். அதுவரை தடம் இடப்பக்கம் நகரும், வலப்பக்கம் நகரும். பழைய வெள்ளைக் கோட்டைச் சுரண்டிவிட்டுப் பக்கத்தில் புதிய கோடு போடுவார்கள். மழை பெய்தால் ஈரத்தில் சுரண்டிய தழும்பும் பளபளக்கும், புதிய கோடும் பளபளக்கும். எது கோடு, எது தழும்பு என்று கேமரா யோசிக்கும் நேரத்தில் பக்கத்துத் தடத்துக் கலவை லாரி யோசிக்காது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை.

பங்குனி உத்திரத்தன்று புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துப் பக்கம் காரைக் கொண்டுபோகாதீர்கள். செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளர்கள் வழிபட்ட முருகன் அவர். கோயில் இப்போது ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கிறது. மயிலிறகும் வேலும் அசைய வரும் காவடியைக் காரின் திரை மனிதனாகக் காட்டுமா, லாரியாகக் காட்டுமா, மரமாகக் காட்டுமா என்பது அவரவர் மென்பொருளைப் பொறுத்தது. எதுவாகக் காட்டினாலும் நின்றால் சரி.

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலை இறுதித் தேர்வு. கையை லேசாக உயர்த்தி, "இருப்பா" என்ற பாவனையில், காரின் முகத்தைக்கூடப் பாராமல் குறுக்கே போகும் ஒருவருக்கு மனித ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார், ஒரு முணுமுணுப்புடன் இடைவெளி பார்த்து நகர்வார். கணினிக்கு முணுமுணுக்கத் தெரியாது. மனிதன் வந்தால் நிற்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். நிற்கும். அடுத்தவர் வருவார். மறுபடி நிற்கும். தேக்காவில் மீன்கடை மூடும்வரை அது சட்டத்தை மதித்துக்கொண்டே இருக்கும்.

படி 6: அனுமதி வாங்கிவிடலாம் என்று நினைத்தால்

நினைக்கலாம். சட்டம் இருக்கிறது. 2017இல் நாடாளுமன்றம் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி, மனிதர் ஓட்டாத வாகனத்தையும் சாலையில் சோதிக்க வழி செய்தது. உங்கள் காரை இந்த வழியில் கொண்டுபோக வேண்டியவை: நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அங்கீகாரம், வாகனத்தில் பாதுகாப்பு ஓட்டுநர், ஒவ்வொரு நொடியையும் பதியும் தரவுப் பதிவுக் கருவி, விபத்துக் காப்புறுதி. கூடவே டிஆர் 68 என்ற தொழில்நுட்பக் குறிப்பு. 2019 ஜனவரியில் வெளிவந்தது, தூக்கம் வராத இரவுகளுக்கு உகந்தது.

காருக்குத் தனியே தேர்வும் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2017 நவம்பரில் திறந்த இரண்டு ஹெக்டர் சோதனைத் திடலில் போக்குவரத்து விளக்கு, பேருந்து நிறுத்தம், வேகத்தடை எல்லாம் இருக்கின்றன. செயற்கை மழை பொழியும் இயந்திரமும் உண்டு. 171 நாள் இயற்கை மழை போதாதா என்று அங்கே போய்க் கேட்காதீர்கள். கேட்ட நேரத்தில் பெய்வதுதான் தேர்வு மழை.

இதற்கெல்லாம் பொறுமை தேவை என்பதற்கு வரலாறு சாட்சி. 2016 ஆகஸ்டில் நுடோனமி நிறுவனம் ஒன்-நார்த் பகுதியில் பொதுமக்களை ஏற்றித் தன்னோட்ட டாக்சியைச் சோதித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2018க்குள் முழுச் சேவை என்றார்கள். 2016 அக்டோபரிலேயே அவர்களின் கார் ஒன்று தடம் மாறும்போது லாரியைத் தட்டியது, யாருக்கும் காயமில்லை. 2017இல் அரசாங்கம் பொங்கோல், தெங்கா, ஜூரோங் புத்தாக்க வட்டாரம் மூன்றிலும் 2022 முதல் ஓட்டுநரில்லாப் பேருந்துகள் ஓடும் என்றது. 2019இல் மேற்குச் சிங்கப்பூரின் 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகள் சோதனைக்குத் திறந்தன. 2022 வந்தது, போனது.

அதிகாரிகள் இழுத்தடிக்கிறார்கள் என்று கோபப்படுவதற்கு முன் சான் ஃபிரான்சிஸ்கோவை நினைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் அங்கே, வேறொரு கார் தள்ளிவிட்ட பெண்ணை க்ரூஸ் நிறுவனத்தின் ஆளில்லாக் கார் மோதி, நின்று, பிறகு ஓரம்கட்டுவதாக எண்ணி அவரை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. சில வாரங்களில் உரிமம் போயிற்று. அடுத்த ஆண்டு இறுதியில் தாய் நிறுவனம் அந்த டாக்சித் தொழிலையே கைவிட்டது. ஒருவர் காரடியில் இருக்கும்போது ஓரம்கட்டக் கூடாது என்பதை எந்த மனிதருக்கும் எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை.

படி 7: பொங்கோல் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்

2025 செப்டம்பரில் ஆணையம் பொங்கோலில் தன்னோட்ட வண்டிச் சேவை நடத்த இரண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தது: சீனாவின் வீரைடு நிறுவனத்தோடு கிராப், போனி.ஏஐயோடு கம்ஃபர்ட்டெல்குரோ. வழித்தடங்கள் நிலையானவை, ஒவ்வொன்றும் 10, 12 கிலோமீட்டர். புளோக்கிலிருந்து பலதுறை மருந்தகம், சந்தை, எம்ஆர்டி நிலையம் என்று பேருந்து மாறி மாறிப் போக வேண்டிய முதியவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் உதவுவதே நோக்கம். ஓட்டுநர் பற்றாக்குறை இன்னொரு காரணம். தொடக்கத்தில் ஒவ்வொரு வண்டியிலும் பாதுகாப்புப் பணியாளர் ஒருவர் இருப்பார்.

கவனித்துப் பாருங்கள். உங்கள் கார் செய்வதாகச் சொன்னதைவிட அதிகத்தை அந்த வண்டி செய்கிறது. அதை நீங்கள் வாங்கவில்லை, காகிதத்துக்கு ஏலம் கேட்கவில்லை, இடித்தால் உங்கள் பெயரில் சம்மன் வராது. வண்டிக்கும் அதை ஓட்டும் கணினிக்கும் பொறுப்பு சேவையை நடத்துகிறவர்கள் பக்கம்தான்.

படி 8: தேக்காவுக்குப் போகும் குறுக்குவழி

சேமிப்பு இல்லாதவர்கள் இங்கே வந்து சேர்ந்திருப்பீர்கள். செம்பவாங் எம்ஆர்டி நிலையத்தில் அட்டையைத் தட்டி வடக்கு-தெற்கு ரயிலில் ஏறுங்கள். தோபி காட்டில் இறங்கி வடகிழக்கு ரயிலுக்கு மாறுங்கள். முதல் பெட்டிக்குப் போய், கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்கும் குழந்தைகளை நகர்த்தாமல் எட்டிப் பாருங்கள். ஓட்டுநர் அறை இல்லை, ஓட்டுநரும் இல்லை. 2003 ஜூன் 20 முதல் அந்தப் பாதை இப்படித்தான் ஓடுகிறது. அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. இத்தனை ஆண்டுகளாக நம்மவர்கள் தீபாவளிக்குப் புடவை எடுக்கவும் வாழையிலை வாங்கவும் ஓட்டுநரில்லா வண்டியில்தான் போய் வருகிறார்கள். யாரும் காணொளி எடுத்து ஊருக்கு அனுப்பவில்லை.

அந்த ரயில் உங்கள் காரைவிடப் புத்திசாலி என்று எண்ண வேண்டாம். சுரங்கம், நடைமேடைத் தடுப்புக் கதவு, தண்டவாளத்தில் குறுக்கே போக யாருக்கும் அனுமதியில்லாத ஏற்பாடு, எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல ஒரே நிறுவனம். அறிவைவிட இந்த ஏற்பாட்டுக்குத்தான் அதிகம் செலவானது.

அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

கேள்வி: என் தந்தைக்கு 72 வயது. கண் சற்று மங்கல். இரண்டாம் நிலைக் கார் வாங்கிக்கொடுத்தால் ஓட்டலாமா?

பதில்: உரிமம் தொடர, 65க்கு மேல் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டியவர் அவர்தான், காரின் கேமராவுக்குப் பார்வை நன்றாக இருப்பது கணக்கில் வராது. பொங்கோலில் வீடு பார்க்கலாம்.

கேள்வி: கல்யாண விருந்தில் கொஞ்சம் குடித்துவிட்டேன். கார்தானே ஓட்டப் போகிறது?

பதில்: பின் இருக்கையில் உட்காருங்கள். முன் இருக்கையில் சம்பளம் வாங்கும் ஒரு மனிதர் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமா டாக்சி ஓட்டுகிறார். அவர் கதி?

பதில்: நியாயமான கேள்வி. இந்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் 2023இலும் இதையே காரணம் காட்டி, ஓட்டுநர்களின் வேலை போகும், இந்தியாவில் இதை அனுமதிக்க முடியாது என்றார். இங்கே ஆள் கிடைக்கவில்லை என்பதே கொண்டுவர ஒரு காரணம். உங்கள் மாமா பாதுகாப்புப் பணியாளர் வேலைக்குப் பயிற்சி எடுக்கலாம். காரை ஓட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம். நீங்கள் அதே வேலையைப் பணம் கொடுத்துச் செய்ய இருந்தீர்கள்.

கேள்வி: அப்படியானால் எப்போதுதான் வாங்குவது?

பதில்: "இது ஓடும்போது இடித்தால் நாங்கள் கட்டுகிறோம்" என்று செய்தவர் கையெழுத்துப் போட்டுத் தரும் நாளில். பிரிட்டன் 2024இல் அதற்கு ஒரு சட்டமே போட்டுவிட்டது: அங்கீகாரம் பெற்ற கார் தானாக ஓடும்போது நடக்கும் ஓட்டுநர் குற்றங்களுக்கு இருக்கையில் இருப்பவர் பொறுப்பல்ல, பின்னால் இருக்கும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். அந்த வாசகம் இங்கே உங்கள் ஒப்பந்தத்திலும் காப்புறுதிப் பத்திரத்திலும் ஏறும் நாளில், என்ன விலை சொன்னாலும் பேரம் பேசாதீர்கள். அதற்கு முன் வருகிற எந்த வசதிக்கும் அவசர பிரேக்குக்கு மேல் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள்.